ஞாயிற்றுக்கிழமை மீன்

ஐரினுக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். கண்டியில் பெரிய துணிக்கடை ஒன்றின் வாசலில், உயரமான ஒரு கதிரையில் அவள் உட்கார்ந்திருப்பாள். சாமான் வாங்கிக்கொண்டு வெளியே போகிறவர்கள் பில்லையும் பையையும் அவளிடம் நீட்ட வேண்டும். பில்லைப் பார்ப்பாள், பைக்குள் கையை விட்டுத் துழாவுவாள், கடைசியாக ஆளின் முகத்தைப் பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பது முதலாளி சொல்லிக்கொடுத்ததல்ல, அவளாகப் பழகிக்கொண்டது. திருட்டு பையில் தெரிவதற்கு முன்னால் முகத்தில் தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. கர்த்தரே திரும்பி வந்து இந்தக் கடையில் ஒரு வேட்டி எடுத்தாலும் ஐரின் பில் கேட்காமல் விடமாட்டாள் என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி பண்ணுவார்கள். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

கடையில் பழகியது வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. மஹய்யாவையில் அவள் வீட்டுப் பக்கம் த்ரீவீலரில் பாண் ரொட்டி கொண்டுவருகிறவன், ஐரினின் தலை தெரிந்ததுமே பாணை எடுத்து நீட்டிவிடுவான், அமுக்கிப் பார்க்கட்டும் என்று. காஸ் சிலிண்டர் வந்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தூக்கிப் பார்ப்பாள். மீன் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். மலைநாட்டுக்காரருக்கு மீன் ஐஸ் பெட்டிக்குள் பிரயாணம் பண்ணி வருகிற ஒன்று. அது எப்போது செத்தது, எந்தெந்தக் கை மாறி வந்தது என்று கேட்டால் விற்கிறவனுக்கே தெரியாது. ஐரின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை விரலால் அழுத்திப் பார்த்து, விற்கிறவனின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.

இப்படிப்பட்டவளுக்கு அன்ரனி வாய்த்தது அதிர்ஷ்டம் என்றுதான் ஊர் சொன்னது. ஹார்ட்வெயார் கடையொன்றில் ஸ்டோர் கீப்பர். குடியில்லை, சிகரெட் இல்லை, வீட்டில் சத்தம் போட்டு ஒரு வார்த்தை இல்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்தான். சின்ன வயதிலேயே தாய் தகப்பனைப் பறிகொடுத்து, கண்டியில் சாமிமார் நடத்திய விடுதியில் வளர்ந்தவர். சொந்தமென்று யாரும் இல்லை என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார். மாமியார், நாத்தனார் தொல்லை இல்லாத இடம் என்று ஐரினின் அப்பா அதையும் ஒரு நல்ல விஷயமாகவே கணக்கில் எடுத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அவரைச் சந்தேகப்படுவதற்கு ஐரினுக்கு ஒரு பிடி அகப்படவில்லை. உள்ளதைச் சொன்னால், அது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிடிக்கு வழி திறந்தது போன வருஷம். அக்குறணையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் அரூஸ் அன்ரனியின் பழைய கூட்டாளி. அரூஸின் வான் வண்டியில் சிலாபத்துக்கு அப்பால் ஒரு மீன்பிடிக் கிராமத்துக்குப் போகப்போவதாக அன்ரனி ஒரு நாள் சொன்னார். கரையிலேயே நின்று மீன் வாங்கலாம், கொஞ்சம் காற்று வாங்கின மாதிரியும் இருக்கும் என்றார். அதிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, விடியுமுன்னே கிளம்பிவிடுவார். பொழுது சாயும்போது ஒரு பாரையோ, அறக்குளாத் துண்டோ கையுமாக வந்து நிற்பார். பூசை கெட்டுப்போகாமல் சனிக்கிழமை பின்னேரமே கோயிலுக்குப் போய்விடுவார். ஐரின் வழக்கம்போல் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது. குறை சொல்ல முடியாத மீன்.

சந்தேகம் மீனிலிருந்து வரவில்லை, சொக்ஸிலிருந்து வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை துணி கழுவும்போது அவருடைய சொக்ஸில் காய்ந்த இரத்தம். அன்று மாலை அவர் கால் கழுவும்போது கணுக்காலை எட்டிப் பார்த்தாள். நடுவில் புள்ளி வைத்த ஒரு சின்னக் காயம். அட்டைக்கடி. மலைநாட்டில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்த அடையாளம் தெரியும். கடற்கரை மணலில் அட்டை இருப்பதாக ஐரின் கேள்விப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. காற்சட்டையின் மடிப்பை உதறிப் பார்த்தாள், ஒரு பொட்டு மணல் இல்லை. சப்பாத்தின் அடியில் செம்மண். சேர்ட்டை மூக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் காற்றின் வாடையே இல்லை. விறகடுப்புப் புகை நாறியது. போதாததற்கு அந்த ஞாயிறுகளில் அவர் இரவுச் சாப்பாட்டைக் கொறித்துவிட்டு எழும்பிவிடுவார். வயிறு நிறைந்த மனிதனின் கொறிப்பு அது. எங்கேயோ ஒரு வீட்டில், ஒரு விறகடுப்பில், ஒருத்தி அவருக்குச் சமைத்துப் போடுகிறாள். இதைத் தவிர வேறு எதை நினைப்பது என்று ஐரினுக்குத் தெரியவில்லை. இரண்டு இரவு தூக்கம் கெட்டது. மூன்றாம் நாள், இந்த வீடு இனி தனக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு பண்ணினாள்.

நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் ஆள் உஷாராகிவிடும் என்பது வாசலில் படித்த பாடம். சிரித்த முகத்தோடு பையை வாங்கித் திறப்பதுதான் முறை. ஆகவே ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நானும் வாறேங்க ஒரு ஞாயித்துக்கெழம. அங்க நண்டு, இறால் எல்லாம் வாங்கிக் குடுத்தா வீட்டுலேயே சமைச்சுப் போடுவாங்களாமே."

அன்ரனி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தூரம் ஐரின். ஒனக்கு வான்ல போனா தலை சுத்தும்."

"சுத்தினா சுத்திட்டுப் போகுது."

ஐரினின் தங்கை அனற் அப்போது அங்கே இருந்தாள். அரசாங்கக் கச்சேரியில் கிளாக் உத்தியோகம். நண்டு என்ற சொல் காதில் விழுந்தால் வேறு எதுவும் கேட்காது. "நானும் வாறேன் மச்சான்" என்று அப்போதே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அன்ரனி மறுக்கவில்லை, கை கழுவ எழும்பினார்.

ஐரினே அரூஸுக்குப் போன் பண்ணினாள். மறுமுனையில் அவன் தொண்டையைச் செருமினான்.

"ஞாயித்துக்கெழம வாணாம் அக்கா. பொதன்கெழம போவம். பொதன்தான் நல்லம்."

"நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமதானே போறது?"

"அது... ஓ, போறதுதான். ஆனா பொம்புளயளோட போறதெண்டா பொதன் நல்லம் அக்கா. சனம் கொறவு."

புதன்கிழமை எனக்கு வேலை, ஞாயிறுதான் என்று சொல்லிவிட்டு ஐரின் போனை வைத்தாள். பொம்பளைகளுக்குப் புதன், ஆம்பளைகளுக்கு ஞாயிறு என்று ஒரு கடல் இருக்கிறதாக்கும் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. அந்தக் கிழமை முழுக்க அன்ரனிக்கு வயிறு சரியில்லை. பிறகு மழை வரும் என்றார். பிறகு வானில் ஏதோ கோளாறு என்று அரூஸ் சொன்னதாகச் சொன்னார். ஐரின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேருமாகப் பூசைக்குப் போனார்கள். அன்ரனி வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் இருந்தார். அதையும் அவள் கவனித்துக்கொண்டாள்.

விடியற்காலையில் வான் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டியது. முன் சீட்டில் அரூஸும் அன்ரனியும், பின்னால் ஐரினும் அனற்றும். ஐரின் வேண்டுமென்றே அன்ரனிக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். முகம் தெரியாவிட்டாலும் பிடரி தெரியும். பிடரியும் பேசும்.

"வழக்கமா எங்க டீ குடிப்பீங்க?" என்று பொதுவாகக் கேட்டுவைத்தாள்.

"குருநாகல்ல" என்றார் அன்ரனி.

"கலகெதரயில" என்றான் அரூஸ்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "சில நாளைக்கு கலகெதர, சில நாளைக்கு குருநாகல்" என்று அரூஸ் சமாளித்தான். ஐரின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி புன்னகைத்தாள். அது நல்ல புன்னகை அல்ல. பையில் பில் போடாத சாமான் கையில் தட்டுப்படும்போது வருகிற புன்னகை அது.

குருநாகலுக்குப் பிறகு மலை போய்விட்டது, தென்னந்தோப்புகள் வந்தன. வெக்கை ஏறியது. அனற் வழி நெடுக நண்டைப் பற்றியே பேசினாள். சிலாபம் தாண்டி ஒரு சின்ன ரோட்டில் திரும்பும்போது, "இந்தப் பக்கமா?" என்று அன்ரனி அரூஸிடம் மெல்லக் கேட்டதை ஐரினின் காது விடவில்லை. ஒரு வருஷமாக வந்து போகிற மனிதருக்கு வழி தெரியவில்லை. வராத இடத்துக்குத்தான் வழி தெரியாது. அப்படியானால் வேறு எங்கேயோ ஓர் இடத்துக்கு இவருக்கு நன்றாக வழி தெரியும். அனற் கொடுத்த மாரி பிஸ்கட்டை அவள் கடிக்காமலே பைக்குள் வைத்தாள்.

கிராமம் சின்னது. ஒரு கோயில், ஒரு பாடசாலை, கடலைப் பார்த்தபடி வரிசையாக வீடுகள். கோயிலில் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. ஆண்கள் வெள்ளைச் சேர்ட்டும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கரையில் வள்ளங்கள் எல்லாம் மணலில் இழுத்துவைக்கப்பட்டு வரிசையாகக் கிடந்தன. ஐரின் இறங்கியதும் முதலில் அங்கேதான் போனாள். ஒரு வள்ளத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. வலைகள் மடித்துக் குவிக்கப்பட்டிருந்தன. அவையும் காய்ந்திருந்தன. காகம்கூட இல்லை. மீன் வந்த கரையில் காகம் இல்லாமல் இருக்குமா?

அரூஸ் அவர்களைக் கடலோரத்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனான். அந்த வீட்டுக்காரி சந்திரிகா. வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவதுதான் அவளுக்குத் தொழில். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மேசையும் பிளாஸ்டிக் கதிரைகளும் போட்டிருந்தாள். அவள் வாசலில் நின்று அரூஸை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தாள்.

"அரூஸ் நானா. பொதன்கெழம தானே நீங்க வாறது, இன்னைக்கு என்ன?"

பிறகு மற்றவர்களையும் பார்த்துப் பொதுவாக, "வாங்க, வாங்க" என்றாள். அன்ரனியின் முகத்தில் அவள் பார்வை ஒரு விநாடிகூட நிற்கவில்லை. முதல் தடவை பார்க்கிற ஆளைப் பார்த்த பார்வை அது. ஐரின் இதுவரை எத்தனையோ முகங்களைப் படித்திருக்கிறாள். இதில் படிப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

அனற் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "காலைல பிடிச்ச மீன் என்னென்ன இருக்கு?" என்று கேட்டாள்.

சந்திரிகா கையைத் துடைத்தாள். "மீன் இல்லயே மிஸ். நண்டு இருக்கு, களப்பு இறால் இருக்கு. உயிரோட தண்ணியில வச்சிருக்கிறது. கடல் மீனெண்டா நேத்து மீன்தான், ஐசுல இருக்கு. இன்னைக்கு ஞாயிறு தானே."

"ஞாயிறுன்னா?"

"சனிக்கெழம ராவு எங்க ஆளுக கடலுக்குப் போறதில்ல. ஞாயிறு பூசை. கர்த்தர்ட நாள்ல வலை போடக்கூடாது எண்டு அந்தக் காலத்தில இருந்தே அப்பிடித்தான். இன்னைக்கு ராவுதான் இனி எறங்குவாங்க."

அனற் வாயைப் பிளந்தாள். பிறகு, நாமும்தான் கோயிலுக்குப் போகிறோம், நமக்கு இது தோன்றவே இல்லையே என்று சிரித்தாள். மீன் பிடிக்கிறவனுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு என்பது, ஞாயிற்றுக்கிழமைக்காக மீன் வாங்குகிற எவருக்கும் தோன்றுவதில்லைதான். அன்ரனிக்கும் அது தோன்றியிருக்கவில்லை. இட்டுக்கட்டிச் சொன்ன பொய்க்கு லீவு நாளாகப் பார்த்து ஒரு நாளைத் தெரிந்தெடுத்திருந்தார். அவருக்கு ஞாயிறுதான் லீவு, கடலுக்கும் ஞாயிறுதான் லீவு.

ஐரின் சிரிக்கவில்லை. "ஒரு நிமிஷம் வாங்க" என்று அன்ரனியிடம் சொல்லிவிட்டுக் கரைப்பக்கம் நடந்தாள். அன்ரனி பின்னால் வந்தார். அரூஸ் அனற்றிடம் நண்டு எப்படிச் சமைக்க வேண்டும் என்று உரத்த குரலில் கேட்கத் தொடங்கினான். நல்ல கூட்டாளி.

வள்ளங்களுக்கு நடுவே நின்று அவள் திரும்பினாள். எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தாள். அட்டைக்கடி, செம்மண், புகை வாடை, தெரியாத வழி, இல்லாத மீன். கடையில் பிடிபட்ட பெண்களைப்போல் அவர் மறுக்கவோ, அழவோ இல்லை. தலை குனிந்தபடி நின்றார்.

"எங்க போறீங்க? யாரு அவ?"

"தெல்தோட்டைக்குப் போறேன்."

"யாரு அவன்னு கேட்டேன்."

"அக்கா."

"யாரோட அக்கா?"

"என்னோட அக்கா, ஐரின். மரியபுஷ்பம்னு பேரு. தோட்டத்து லய வீட்டுல இருக்கா. முந்தி கடை லொறி அந்தப் பக்கம் போற நாள்ல போய் எட்டிப் பாத்துட்டு வந்துருவேன். போன வருஷம் அவளுக்குக் கால் ஏலாமப் போச்சு. கொழுந்தெடுக்க முடியல. புருஷனும் செத்துட்டான். அதுதான் ஞாயித்துக்கெழமல போய் வெறகு தண்ணி எடுத்துக் குடுத்துட்டு, அங்கனயே சாப்புட்டு வாறேன்."

ஐரின் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. வேறு ஒருத்தி இல்லை. வீடு இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு பெருமூச்சு விடுகிற நேரத்துக்குத்தான் நின்றது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது.

"இன்னொரு பொம்பளன்னா சண்ட போட்டு முடிச்சிருப்பேன். அக்காவ ஒளிச்சு வச்சவர என்ன செய்றது? இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லல."

"ஒங்க அப்பா கேட்டாரு, லயத்துல யாராச்சும் இருக்காங்களான்னு. இல்லேன்னேன். இருக்குன்னா பொண்ணு குடுத்திருக்க மாட்டாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

அன்ரனி கடலைப் பார்த்தார். "நம்ம மக ஷிராணி பொறந்தப்ப சொல்ல வந்தேன். ஆஸ்பத்திரில ஒனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு தோட்டத்துப் பொம்பள இருந்தா. நல்லவ. ஒனக்கு வெந்நி ஊத்திக் குடுத்தா. அவ போனதும் அந்தக் கோப்பைய நல்லா தேச்சுக் கழுவச் சொன்ன. நான்தான் கழுவினேன். கழுவிக்கிட்டே நெனச்சேன், வேணாம்னு."

ஐரினுக்கு அந்தக் கோப்பை ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததுதான் அவளை உறுத்தியது. செய்திருப்பாள். அதை ஒரு விஷயமாகக்கூட நினைத்திருக்க மாட்டாள்.

"மீன்?" என்றாள்.

"விடிய மார்க்கட்டுல ஒண்ணு வாங்கி அவளுக்குக் கொண்டு போவேன். திரும்பி வரும்போது நம்ம வீட்டுக்கு ஒண்ணு." அவர் தயங்கினார். "அவளுக்குக் கொண்டு போறத நீ குடுத்தனுப்பினதாச் சொல்லியிருக்கேன்."

"நானா?"

"ஒன்னயப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்தா. ஏன் வரமாட்டேங்குறான்னு கேட்டா. வேலை, லீவு இல்ல, ஆனா ஒன்னய நெனச்சு மீன் குடுத்தனுப்புறான்னு சொன்னேன். ஒம் பேரச் சொல்லித் தெனமும் செபம் பண்றா."

செய்யாத நன்மைக்குத் தெல்தோட்டையில் ஒருத்தி தனக்காகச் செபமாலை உருட்டுகிறாள். ஐரினுக்கு முகம் சுட்டது. அதற்குள் கொட்டகையிலிருந்து அனற்றின் குரல் வந்தது.

"அக்கா, வாங்க ரெண்டு பேரும். நண்டு வந்துருச்சு."

நண்டுக் கறி நன்றாகவே இருந்திருக்க வேண்டும். அனற் விரல்களைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டாள். முருங்கை இலை போட்டு, தேங்காய்ப் பால் விட்டு, சந்திரிகா கை நிறைய மிளகு அரைத்துச் சேர்த்திருந்தாள். ஐரின் ஒரு காலை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் அன்ரனி தட்டிலிருந்து நிமிர்ந்து பாராமல் சாப்பிட்டார். இத்தனை வருஷமாகப் பார்த்த முகம்தான். அதில் ஒன்றையுமே கண்டுபிடிக்கவில்லையே என்று அவளுக்குத் தன்மேல்தான் ஆத்திரமாக இருந்தது.

திரும்பி வருகிற வழியில் அனற் சும்மா இருப்பாளா? கச்சேரியில் வேலை செய்கிறவள், வயிறு வேறு நிறைந்திருந்தது, மூளைக்கு இப்போதுதான் வேலை வந்தது.

"அக்கா, ஞாயித்துக்கெழம அங்க மீனே இல்லேங்குறா. அப்ப மச்சான் ஞாயித்துக்கெழமல எங்கதான் போறாராம்?"

வான் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. முன் சீட்டில் இரண்டு பிடரிகளும் அசையாமல் இருந்தன. ஐரின் வாயைத் திறந்தாள். அவருடைய அக்காவைப் பார்க்க, தெல்தோட்டைக்கு. சின்ன வாக்கியம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"கூட்டாளிமாரோட சீட்டு வெளையாடப் போறாராம். சொன்னா திட்டுவேன்னு பயம்" என்றாள்.

அனற் விழுந்து விழுந்து சிரித்தாள். மச்சானுக்கு இப்படியும் ஒரு பழக்கமா என்று குருநாகல் வரைக்கும் கிண்டல் பண்ணினாள். அன்ரனி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவருடைய கண்கள் ஒரு தடவை ஐரினின் கண்களைத் தொட்டுவிட்டுப் போயின. அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவருடைய பொய்க்கு இருபத்தாறு வயது. அவளுடையது பிறந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டும் ஒரே பொய். கோபப்படுவதற்கு அவளுக்கு இருந்த உரிமை அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ விழுந்துபோயிற்று.

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது ஐரின் மார்க்கட்டுக்குப் போய் ஒரு நல்ல பாரை வாங்கினாள். வீட்டுக்கு வந்து அதைச் செதில் போகத் தேய்த்து, குடல் எடுத்து, துண்டுகளாக வெட்டி, மூன்று தண்ணீரில் கழுவி, உப்பும் மஞ்சளும் தடவிக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். அன்ரனி குசினி வாசலில் நின்று பார்த்தார்.

"முழுசாவே கொண்டு போகலாம் ஐரின். நான் எப்பவும் அப்பிடித்தான்."

"நாளைக்கு நானும் வாறேன். நீங்க சும்மா இருங்க."

கலஹா வழியாகப் போகும் பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து போனார்கள். அவளுக்குத் தலை சுற்றியது. தெல்தோட்டையில் இறங்கித் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது மழைத் தூறல். அட்டைக்குப் பயந்து சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஏறினாள். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுமா? தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை எட்டியதும் மரியபுஷ்பத்தின் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்றுதான் முதலில் பார்த்தாள். ஒரே ஒரு ஜோடிதான் கிடந்தது, அதுவும் வயதானவளுடையது. உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு கட்டில், மாதா படம், மூலையில் விறகடுப்பு. அந்தப் புகை வாடை.

மரியபுஷ்பம் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அன்ரனியின் மூக்கு, அன்ரனியின் நெற்றி. குரல் மட்டும் அவருடையதல்ல, மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்.

"ஐரினா? வா, உள்ள வா. பாரு, எவ்வளவு தூரம் வந்திருக்க. நீ குடுத்தனுப்புன மீனெல்லாம் சாப்புட்டுத்தான் இந்தக் காலோட இன்னும் உசிரோட இருக்கேன்."

அன்ரனி வெளியே போய் விறகைத் தொட்டுக்கொண்டு நின்றார். ஐரின் நின்ற இடத்திலேயே நின்றாள். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷி இத்தனை நாள் செய்த செபம் எல்லாம் என்னாவது? சொல்லாவிட்டால், இருபத்தாறு வருஷத்துக்கு இன்னும் ஒரு வருஷம்.

"ஆமா மைனி" என்றாள்.

மரியபுஷ்பம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, வெளியே கேட்காத மாதிரிச் சொன்னாள்.

"பொய் சொல்லாத. செதிலோட, கொடலோட முழு மீன ஆம்பள கையில குடுத்து எந்தப் பொம்பள பஸ்ல அனுப்புவா? மொத மீனுலயே தெரிஞ்சிருச்சு எனக்கு, அது ஒங்கையில இருந்து வரலேன்னு."

"அப்ப அவரக் கேக்கலயா மைனி?"

"எப்பிடிக் கேக்குறது? கேட்டா வெக்கப்பட்டு வராம இருந்துட்டான்னா."

தூறல் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. மரியபுஷ்பம் கையை நீட்டி அவளிடமிருந்த பையை வாங்கினாள். அவிழ்த்தாள். மஞ்சள் தடவிய துண்டுகளை ஒன்று ஒன்றாகப் புரட்டிப் பார்த்தாள், ஓரத்தில் செதில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஐரினின் பையை யாரும் திறந்து பார்த்ததில்லை.

"இது நீ கொண்டாந்தது" என்றாள் மரியபுஷ்பம்.

ஐரின் அழுதுவிட்டாள். மரியபுஷ்பம் அவளைத் தேற்றவும் இல்லை, ஏன் அழுகிறாய் என்று கேட்கவும் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து மண்சட்டியை இழுத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"கொழம்பு வையி. எனக்கு எழும்ப ஏலாது. புளிப் போத்தல் எங்க இருக்குன்னு அவனக் கேளு, அவனுக்குத் தெரியும்."